பட்ஜெட் பக்கத்தை கடைசி ராத்திரி எழுதாதீங்க

போன வாரம் ஒரு பொண்ணு, ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதின ஒரு ப்ரொபோசலை எனக்கு அனுப்பியிருந்தா. பிஎச்டி ரெண்டாவது வருஷம், வரலாறு. பழைய டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா வேலை பாத்து ரிட்டயர் ஆன பெண்களை பேட்டி எடுத்து, அந்த வேலையோட வரலாற்றை எழுதப் போறா. அருமையான சப்ஜெக்ட், படிக்கப் படிக்க எனக்கே ஆசையா இருந்துச்சு. பதினோரு பக்கத்துல பத்தரை பக்கம் அவ்வளவு உழைப்பு, யார் யார் என்னென்ன எழுதியிருக்காங்க, எங்க இடைவெளி இருக்கு, எல்லாம் பக்காவா இருக்கு. கடைசி அரைப்பக்கத்துல ‘செலவு விவரம்’னு ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ மூணே வரி. பயணம், தங்குமிடம், இதர செலவுகள். மூணுக்கும் நேரா மூணு முழு எண், எல்லாம் சைபர்ல முடியுது.

ஃபோன் பண்ணி கேட்டேன், இந்த எண்ணெல்லாம் எப்படிம்மா வந்துச்சுன்னு. “அக்கா, அது சும்மா போட்டதுக்கா, கடைசி நாள் ராத்திரி போட்டேன், மேக்ஸிமம் எவ்வளவு தருவாங்களோ அதுல கொஞ்சம் கம்மியா வர்ற மாதிரி பாத்துக்கிட்டேன்”னு சொன்னா. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. நான் எழுதின முதல் அப்ளிகேஷனும் இப்படித்தான் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச ஹ்யூமானிட்டீஸ், அதாவது வரலாறு, இலக்கியம், தத்துவம் மாதிரி துறை ஆட்கள்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதறாங்க. லேப்ல வேலை பாக்கிறவங்க கெமிக்கல் எவ்வளவு, மெஷின் டைம் எவ்வளவுன்னு முதல் நாள்லருந்தே கணக்கோட வளர்றாங்க. நமக்கு ஒரு பேனா, ஒரு லேப்டாப், ஒரு லைப்ரரி கார்டு இருந்தா போதும்னு யாரோ சொல்லி வெச்சுட்டாங்க, நாமளும் நம்பிட்டோம். நம்ம ஆராய்ச்சிக்கு காசு ஆகுதுன்னு வாய்விட்டு சொல்றதுக்கே ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தால எத்தனை நல்ல தீசிஸ் பாதில நின்னுருக்குன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

என் கதையை சொல்றேன். நான் ஆராய்ச்சி பண்ணினது ஒரு பழைய அச்சகத்தோட கணக்குப் புத்தகங்கள். எத்தனை ரீம் பேப்பர் வாங்கினாங்க, மை எவ்வளவு, எழுத்து கோக்கிறவருக்கு வாரக்கூலி எவ்வளவு, எந்த மாசம் கூலி பாக்கி நின்னுச்சு, இதெல்லாம் வரிவரியா படிச்சு அதுலருந்து ஒரு காலத்தோட வாசிப்புப் பழக்கத்தையே எழுதலாம்னு நம்பி இறங்கினவ நான். கேட்லாக்ல மொத்தம் 62 வால்யூம். அந்த ஆவணக் காப்பகம் இருந்தது வேற ஊர். பயணத்துக்கும் தங்கறதுக்கும் ஒரு கிராண்டுக்கு அப்ளை பண்ணினேன், 15 நாள்னு போட்டேன். ஏன் 15? ரெண்டு வாரம்னா கேக்கறதுக்கு நியாயமா இருக்கும்னு தோணுச்சு, அவ்வளவுதான் காரணம்.

கிடைக்கல. கூடவே விண்ணப்பத்தைப் படிச்சு மதிப்பிடற ரிவ்யூவரோட குறிப்பு வந்துச்சு, அதுல என் தியரி பத்தியோ நான் மேற்கோள் காட்டின ஆட்கள் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல. சாராம்சம் இவ்வளவுதான்: பதினஞ்சு நாள்ல இந்த 62 வால்யூமையும் எப்படி படிக்கப் போறார்னு விண்ணப்பத்துல இருந்து புரியல. ரெண்டு நாள் கோவமா இருந்தேன், மூணாவது நாள் ஒரு பேப்பரை எடுத்து கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கை இங்க முழுசா போடறேன், ஏன்னா இதை யாரும் எனக்கு சொல்லித் தரல. அந்த காப்பகத்துல ஒரு நாளைக்கு அஞ்சு ஃபைல்தான் தருவாங்க. ரீடிங் ரூம் திறந்து, சீட்டு எழுதிக் கொடுத்து, உள்ளருந்து வால்யூம் வந்து சேர்ந்து, மூடறதுக்கு முன்னாடி திருப்பிக் கொடுக்கிறது வரைக்கும் பாத்தா கைல உருப்படியா ஆறு மணி நேரம்தான் நிக்கும். ஒரு வால்யூம் சுமார் 400 பக்கம். கணக்குப் புத்தகம்னா சாதாரண புத்தகம் மாதிரி விரிஞ்சு படுக்காது, தடிமனான தோல் பைண்டிங், நடுவுல அமுக்கினா முதுகு உடைஞ்சிரும், அதனால ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் முட்டுக் கொடுத்து, பக்கம் புரளாம இருக்க துணிக்குள்ள ஈயக்குண்டு வெச்சுத் தைச்ச நீளமான ஒரு வெயிட்டை மேல படுக்க வெச்சு, அப்புறம்தான் ஃபோட்டோ எடுக்க முடியும். ஒரு பக்கத்துக்கு 15 செகண்டுன்னு வெச்சா ஒரு வால்யூமுக்கு 100 நிமிஷம். 62 வால்யூமுக்கு 24,800 பக்கம், நூத்தி மூணு மணி நேரத்துக்கு மேல. ஆறு மணி நேர நாள்னா முழுசா பதினேழு நாள் கையெடுக்காம படம் மட்டும் எடுக்கணும், ஒரு வரி கூட படிக்காம. நான் கேட்டதோ 15 நாள், அதுல ரெண்டு சனி ஞாயிறு மூடியிருக்கும், முதல் நாள் பாதி ரீடர் கார்டு வாங்கறதுலயே போயிரும். அந்த ரிவ்யூவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. எல்லாத்தையும் பாக்க முடியாதுன்னா எதைப் பாக்கப் போறேன்? அந்தக் கேள்விக்கு என் பத்துப் பக்க ப்ரொபோசல்ல பதிலே இல்ல, ஏன்னா எல்லாத்தையும் பாக்கப் போறேன்கிற நினைப்புல எழுதினது அது. உக்காந்து யோசிச்சு, 13 வால்யூமை முழுசா எடுக்கிறது, மீதி 49-ல வருஷக் கடைசிக் கணக்கு வர்ற பத்துப் பத்துப் பக்கம் மட்டும் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். 13 வால்யூமுக்கு நாலு நாள். மீதி 49-க்கு பக்கம் ரொம்பக் கம்மி, ஒரே நாள்ல முடிக்கலாம் போல இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு அஞ்சு ஃபைல்தான் வெளிய வரும், அதனால அதுக்கே பத்து நாள். முதல் நாள் கார்டுக்கு, கேட்லாக் நம்பர் மாறி வர்றதுக்கு, யாரோ ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கிறதுக்குன்னு மூணு நாள் கையிருப்பு. மொத்தம் 17 வேலை நாள், காலண்டர்ல 23 நாள். அடுத்த தடவை அப்படியே எழுதினேன், சீட்டுக்கணக்கு உட்பட. முன்னாடி கேட்டதை விட ஜாஸ்தி காசு கேட்டேன், கிடைச்சுது.

அந்த 13 வால்யூமை எந்த அடிப்படைல தேர்ந்தெடுக்கிறேன்னு விளக்கி எழுதின ஒன்றரைப் பக்கம்தான் பின்னாடி என் தீசிஸ்ல ஆராய்ச்சியை எப்படிப் பண்ணினேன்னு சொல்ற மெத்தடாலஜி அத்தியாயமா வளந்துச்சு. பட்ஜெட் போட உக்காந்ததுனாலதான் அது பிறந்துச்சு.

ப்ரொபோசல் எழுதறது பத்தி ஆயிரம் அறிவுரை கிடைக்கும், நான் மறுபடி மறுபடி போய் பாக்கறது ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல இருக்கிற சோஷியல் சயன்ஸ் ரிசர்ச் கவுன்சில் 1988-ல ஒரு சின்னக் கையேடு போட்டாங்க, எழுதினவங்க ஆடம் ப்ரெஸ்வொர்ஸ்கி, ஃப்ராங்க் சாலமன்னு ரெண்டு பேர், ஒருத்தர் அரசியல் அறிவியல், இன்னொருத்தர் மானுடவியல். யாருக்கு நிதி தரணும்னு முடிவு பண்ற கமிட்டில உக்காந்து விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டா படிக்கிற ஆளு மூணு கேள்விக்குத்தான் பதில் தேடறாருன்னு அதுல சொல்றாங்க. இப்ப நமக்குத் தெரியாத எதை இந்த ஆராய்ச்சியால தெரிஞ்சுக்கப் போறோம், அது ஏன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், வர்ற முடிவு சரின்னு எப்படித் தெரியும். நம்ம ஆட்கள் முதல் ரெண்டையும் பிரமாதமா எழுதிருவாங்க. மூணாவதுலதான் சறுக்கல். எத்தனை நாள், எத்தனை ஃபைல், எத்தனை பேட்டி, எந்த மொழி, யார் படிச்சுக் காட்டுவாங்க, இதெல்லாம் அந்த மூணாவது கேள்விக்கான பதில். அது போய் உக்கார்ற இடம் பட்ஜெட்டும் டைம்லைனும்.

கமிட்டில இருக்கிறவங்க எல்லாரும் உங்க துறை ஆளுங்களா இருக்க மாட்டாங்க, இதையும் மனசுல வெச்சுக்கணும். மிஷெல் லமான்ட்ங்கிற சமூகவியல் பேராசிரியர் இந்த மாதிரி தேர்வுக் கமிட்டிகளையே ஆராய்ச்சி பண்ணி 2009-ல புத்தகம் போட்டாங்க. எது நல்ல ஆராய்ச்சிங்கிறதுல வரலாற்றுக்காரங்களுக்குள்ள ஓரளவு ஒத்த கருத்து இருக்கு, இலக்கியத்துல அந்த ஒத்துமை குலைஞ்சு போயிருக்கு, தத்துவத்துக்காரங்க எழுதறது மத்தவங்களுக்குப் புரிய வைக்கிறதே பெரும்பாடா இருக்குன்னு அதுல வருது. இதை நான் எப்படி எடுத்துக்கறேன்னா, நீங்க இலக்கியம் படிக்கிறீங்கன்னா உங்க அப்ளிகேஷனைப் படிக்கப் போறது ஒரு தொல்லியல் ஆளோ இசை வரலாற்று ஆளோவா இருக்கலாம், அவருக்கு உங்க துறைச் சொல் எதுவும் தெரியாது, ஆனா 13 வால்யூம், 17 நாள்னா புரியும். பட்ஜெட்டை மட்டும் எந்தத் துறைக்காரரும் படிச்சிருவாரு.

சரி, காசு எங்க இருக்கு? பெரிய பேர்களை எல்லாரும் சொல்லுவாங்க. காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் 1959-லருந்து இருக்கு, ஆக்ஸ்ஃபோர்ட்ல படிக்கறதுக்கான ரோட்ஸ் 1903-லருந்து, ஆனா எந்த நாட்டு ஆளும் போடலாம்னு அது திறந்தது 2018-லதான், கேம்பிரிட்ஜ்ல 2000-ல ஆரம்பிச்ச கேட்ஸ் ஸ்காலர்ஷிப் பிரிட்டனுக்கு வெளிய இருக்கிற எந்த நாட்டுக்காரருக்கும் உண்டு. இதுக்கெல்லாம் போட்டி ரொம்ப ஜாஸ்தி, முயற்சி பண்ணுங்க, ஆனா அதையே நம்பி ரெண்டு வருஷம் காத்திருக்காதீங்கன்னு சொல்லுவேன். ஐரோப்பிய யூனியனோட மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி டாக்டரல் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பாத்து சயன்ஸ்காரங்களுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அப்படி இல்ல, ஹ்யூமானிட்டீஸ் திட்டங்களும் வருது. எந்த நாட்டு ஆளும் போடலாம், ஸ்டைபெண்டா, அதாவது வெறும் உதவித்தொகையா இல்லாம சம்பளமா வேலைக்கே எடுத்துக்கறாங்க. ஒரே ஒரு கண்டிஷன்ல நிறைய பேர் மாட்டிக்கறாங்க: எந்த நாட்டுல சேரப் போறீங்களோ அந்த நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே அங்க மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க முதல்ல இதைத்தான் பாக்கணும்.

என் அனுபவத்துல வாழ்க்கையை மாத்தினது நடுத்தர, சின்ன நிதிகள்தான். ஜெர்மனியில டுசல்டோர்ஃப்ல கெர்டா ஹென்கெல் அறக்கட்டளைன்னு ஒண்ணு, லிசா மாஸ்கெல்ங்கிறவங்க தன் அம்மா பேர்ல 1976-ல ஆரம்பிச்சது. வரலாறு சார்ந்த துறைகளுக்குன்னே இருக்கிற நிதி, எந்த நாடு, எந்த யுனிவர்சிட்டின்னு பாக்க மாட்டாங்க, பிஎச்டிக்கும் தர்றாங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு மகள் அம்மா ஞாபகமா வெச்சுட்டுப் போன காசுன்னு நினைக்கறப்போ எனக்கு எப்பவும் ஒரு நெகிழ்ச்சி வரும். மானுடவியல்ல ஃபீல்டுவொர்க் போறவங்களுக்கு வென்னர்-க்ரென் அறக்கட்டளை, 1941-லருந்து இருக்கு, பிஎச்டி களப்பணிக்கு 25,000 டாலர் வரைக்கும் தர்றாங்க, இதுலயும் நாடு தடையில்ல. அவங்க யுனிவர்சிட்டிக்குன்னு ஓவர்ஹெட், அதாவது நிர்வாகச் செலவுக்கான பங்கு, கட்ட மாட்டாங்க, அதை உங்க ஆபீஸ்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா கையெழுத்து வாங்கற நாள்ல இழுபறி ஆகும்.

அழிஞ்சுக்கிட்டு இருக்கிற ஆவணங்கள் எங்கயாவது உங்க கண்ணுல பட்டா, ஒரு கோயில் அறைல, ஒரு பழைய பத்திரிகை ஆபீஸ்ல, ஒரு குடும்பப் பெட்டிக்குள்ள, பிரிட்டிஷ் லைப்ரரியோட என்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் ப்ரோகிராமைப் பாருங்க. ஆர்கேடியான்னு ஒரு அறக்கட்டளை காசுல 2004-ல ஆரம்பிச்சது. முதல் கட்டமா என்ன இருக்கு, எந்த நிலைமைல இருக்குன்னு போய் பாத்து வர்றதுக்கு 15,000 பவுண்டு வரைக்கும் பைலட் கிராண்ட். எனக்குப் பிடிச்சது அவங்களோட ஒரு விதி: மூல ஆவணம் அதோட நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது, டிஜிட்டல் நகல் மட்டும்தான் போகும். மொழியியல் ஆளுங்களுக்கு இதே ஆர்கேடியா காசுல அழியற மொழிகளைப் பதிவு பண்ற திட்டம் ஒண்ணு இருக்கு, முன்னாடி லண்டன்ல இருந்துச்சு, இப்ப பெர்லின்ல.

அப்புறம் லைப்ரரி ஃபெலோஷிப். இதை யாரும் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்றதே இல்லைங்கிறது எனக்குப் பெரிய வருத்தம். சிகாகோவுல நியூபெரி, வாஷிங்டன்ல ஃபோல்ஜர், கலிஃபோர்னியாவுல ஹன்டிங்டன், ஜெர்மனியில வோல்ஃபென்பியூட்டல்ல இருக்கிற ஹெர்சோக் ஆகஸ்ட் லைப்ரரி, இந்த மாதிரி இடங்கள் தங்ககிட்ட இருக்கிற புத்தகத்தையும் கையெழுத்துப் படியையும் வந்து படிக்கறதுக்குன்னே ஒரு மாசம், சில மாசம்னு காசு கொடுத்துக் கூப்பிடறாங்க. வோல்ஃபென்பியூட்டல்ல பிஎச்டி பண்றவங்களுக்குன்னே தனி ஸ்காலர்ஷிப் இருக்கு. அங்க அவங்க பாக்கற முதல் விஷயம், எங்ககிட்ட இருக்கிற எந்தப் பொருளைப் பாக்க வர்றீங்கன்னுதான். கேட்லாக் நம்பரோட எழுதினீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. “உங்கள் வளமான தொகுப்புகளை”ன்னு பொதுவா எழுதினா போச்சு.

உங்க துறைச் சங்கங்கள்கிட்ட ஒரு கான்ஃபரன்ஸ் டிக்கெட்டுக்கு, ஒரு வார ஆவணக் காப்பக வேலைக்குன்னு சின்னச் சின்னத் தொகை இருக்கும், போட்டி கம்மி, ஃபார்மும் ரெண்டு பக்கம்தான் இருக்கும். இதுல ஒண்ணு ஜெயிச்சா அடுத்த அப்ளிகேஷன்ல அதை எழுதலாம். ஏற்கெனவே ஒருத்தர் நம்பிக் கொடுத்து, இவ அதை ஒழுங்கா செலவு பண்ணி ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கான்னா அடுத்தவங்களுக்கு தைரியம் வரும்.

இப்ப ஒரு கசப்பான விஷயம். சின்ன கிராண்டுல பெரும்பாலும் காசு பின்னாடிதான் வரும். முதல்ல உங்க கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுக்கணும், ரூம் போடணும், போய்ட்டு வந்து பில்லைக் கொடுக்கணும், அப்புறம் ரீஇம்பர்ஸ் பண்ணுவாங்க. எனக்கு ஒரு கான்ஃபரன்ஸுக்கு அப்படி வர வேண்டிய காசு ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. நடுவுல போர்டிங் பாஸோட கிழிச்ச துண்டு எங்கன்னு ஒரு மெயில், பில்லுல பேரோட இனிஷியல் மாறியிருக்குன்னு ஒரு மெயில், அக்கவுன்ட் டிபார்ட்மென்ட்ல ஆள் மாறிட்டாங்கன்னு ஒரு மெயில். அந்த ஏழு மாசமும் நான் ஒரு ஃப்ரெண்டுகிட்ட கடன்காரியா இருந்தேன், அவ கேக்கவே இல்ல, ஆனா அவ முகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கையில சேமிப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும் வேலை செய்யற உதவிக்குப் பேரு உதவியான்னு அப்ப கேட்டேன், இன்னைக்கும் கேக்கறேன். நிதி கொடுக்கிற இடத்துல இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு டிக்கெட்டையாவது நீங்களே நேரா எடுத்துக் கொடுங்க.

அப்ளை பண்றவங்களுக்கு சொல்றது, கேளுங்க. கிடைச்சதும் நன்றி மெயில்லயே, எனக்கு அட்வான்ஸா ஒரு பகுதி தர முடியுமான்னு கேளுங்க. ரூல் புக்ல போட்டிருக்க மாட்டாங்க, ஆனா கேட்டா தர்ற இடங்கள் இருக்கு, நான் ரெண்டாவது தடவை கேட்டேன், ஒரே நாள்ல சரின்னு பதில் வந்துச்சு. முதல் தடவையே கேட்டிருக்கலாமேன்னு இருந்துச்சு. அதே மாதிரி பட்ஜெட்ல நாம போட மறக்கறதெல்லாம் இருக்கு: விசா ஃபீஸ், பேங்க் காசு மாத்தறதுல பிடிக்கிற தொகை, ஃபோட்டோவை வெக்கறதுக்கு ஒண்ணுக்கு ரெண்டா ஹார்ட் டிஸ்க், ஒரு படத்தை கட்டுரைல போடறதுக்கு காப்பகம் கேக்கற பர்மிஷன் ஃபீஸ், பழைய கையெழுத்தைப் படிச்சுத் தர்றவருக்குக் கூலி. கைக்குழந்தை இருக்கிறவங்க குழந்தையைப் பாத்துக்கற செலவைக் கேக்கலாமான்னு விதிமுறையைப் பாருங்க, அனுமதிக்கிற நிதிகள் இப்ப இருக்கு, அது தகுதியில்லாத செலவுன்னு நீங்களே முடிவு பண்ணிராதீங்க.

காசு மட்டும் வளர்ச்சி இல்லதான். பயிற்சியும் வேணும், அதுக்கும் யாராவது செலவு பண்ணணும். ஓசில கிடைக்கிறதை முதல்ல சொல்லிடறேன். படிச்ச புத்தகம், கட்டுரை விவரத்தையெல்லாம் சேத்து வெச்சு அடிக்குறிப்பு போட்டுத் தர்ற ஸோட்டெரோங்கிற சாஃப்ட்வேர் 2006-லருந்து இலவசம், பிஎச்டி முதல் நாளே போடுங்க, தீசிஸ் கடைசி மாசத்துல அடிக்குறிப்பு சரி பண்ற நரகத்துலருந்து தப்பிச்சீங்க. ப்ரோகிராமிங் ஹிஸ்டாரியன்னு ஒரு தளம், ஹ்யூமானிட்டீஸ் ஆளுங்களுக்காக எழுதின கம்ப்யூட்டர் பாடங்கள், ஒவ்வொரு பாடத்தையும் ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி ரிவ்யூ பண்ணித்தான் போடறாங்க, நான் பழைய கணக்குப் புத்தகத்து டேட்டாவை சுத்தம் பண்ணக் கத்துக்கிட்டது அங்கதான். பழைய புத்தகங்களோட காகிதம், பைண்டிங், அச்சு இதையெல்லாம் தொட்டுப் பாத்துப் படிக்கணும்னா ரேர் புக் ஸ்கூல் இருக்கு, 1983-ல கொலம்பியா யுனிவர்சிட்டில ஆரம்பிச்சு 1992-ல வர்ஜினியாவுக்குப் போச்சு. ஒரு வார கோர்ஸ், ஃபீஸ் ஜாஸ்தி, ஆனா ஸ்காலர்ஷிப் உண்டு.

மூணு நிமிஷ தீசிஸ் போட்டி உங்க யுனிவர்சிட்டில நடந்தா கலந்துக்கோங்க. ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து யுனிவர்சிட்டி 2008-ல ஆரம்பிச்சது. 80,000 வார்த்தை தீசிஸை வாசிச்சா ஒன்பது மணி நேரம் ஆகும், உங்களுக்கு மூணு நிமிஷம்தான்னு அவங்களே சொல்லுவாங்க, ஒரே ஒரு ஸ்லைடு. முதல்ல எனக்கு இது பிடிக்கல, ஆராய்ச்சியைக் கொச்சைப்படுத்தறாங்கன்னு தோணுச்சு. தயார் பண்றப்பதான் புரிஞ்சுது, என் தீசிஸ் எதைப் பத்தினதுன்னு ஒரு வாக்கியத்துல எனக்கே சொல்லத் தெரியலன்னு. அந்த ஒரு வாக்கியம் அப்புறம் எல்லா அப்ளிகேஷனுக்கும் முதல் வாக்கியமா நின்னுச்சு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். காசு கட்டினா ஒரு வாரத்துல போடறேன்னு வர்ற ஜர்னல் மெயில், உங்க பேர்ல தப்போட வர்ற கான்ஃபரன்ஸ் அழைப்பு, இதுக்கு கிராண்ட் காசைக் கொட்டிராதீங்க. திங்க் செக் சப்மிட்னு 2015-ல ஆரம்பிச்ச ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கு, அஞ்சு நிமிஷம் ஆகும், பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எல்லாத்துலயும் கொடுமையான காலம் எழுதற காலம். அமெரிக்காவுல ஹ்யூமானிட்டீஸ் பிஎச்டி முடிக்க ஏழு வருஷம் கிட்ட ஆகுது, ஆனா பல இடங்கள்ல ஃபண்டிங் அஞ்சு வருஷத்தோட நின்னுரும். ஆவணம் எல்லாம் பாத்தாச்சு, ஃபோட்டோ எல்லாம் கைல இருக்கு, உக்காந்து எழுத வேண்டியதுதான் பாக்கிங்கிற நேரத்துல காசு தீர்ந்து போயிரும், ஆள் ஏதோ வேலைக்குப் போவாங்க, சாயந்திரம் வந்து எழுதலாம்னு போவாங்க. என்கூட ஆரம்பிச்சவங்கள்ல ரெண்டு பேர் அப்படிப் போனவங்க, ரெண்டு பேரும் என்னை விட நல்லா எழுதறவங்க. அதனால முதல் வருஷத்துலயே, கடைசி வருஷத்துக்குன்னு இருக்கிற தீசிஸ் கம்ப்ளீஷன் ஃபெலோஷிப் என்னென்ன, எதுக்கு எத்தனை அத்தியாயம் முடிச்சிருக்கணும்னு கேக்கறாங்கன்னு தேடி ஒரு இடத்துல எழுதி வெச்சுக்கோங்க. கைல இருக்கிறது நிலைக்கும்னும் நினைக்காதீங்க. அமெரிக்க அரசோட ஹ்யூமானிட்டீஸ் நிதி அமைப்பு 1965-லருந்து இருக்கு, அறுபது வருஷமா நின்ன மரம், 2025 ஏப்ரல்ல ஆயிரத்துக்கும் மேல ஏற்கெனவே கொடுத்த கிராண்டுகளை ஒரே வீச்சுல ரத்து பண்ணிட்டாங்க. பாதி வேலைல இருந்தவங்களுக்கு லெட்டர் வந்துச்சு. ஒரே கிளைல உக்காராம ரெண்டு மூணு இடத்துல கையை வெச்சிருங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். ஃபோன்லயே ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். 40 பேட்டின்னு எழுதியிருந்தா. ஒரு பேட்டி சராசரி ஒன்றரை மணி நேரம்னா 60 மணி நேர ஆடியோ. ஒரு மணி நேர ஆடியோவை அச்சு அசலா டைப் பண்ண ஆறு மணி நேரம் பிடிக்குதுன்னு அவளே சொன்னா, ரெண்டு பண்ணிப் பாத்திருக்கா. அப்ப 360 மணி நேரம், தினம் ஆறு மணி நேரம்னாலும் அறுபது நாள், டைப்பிங் மட்டும். அந்த அறுபது நாள் அவ டைம்லைன்ல எங்கயும் இல்ல. வயசானவங்க ஒரே உக்காருல ஒன்றரை மணி நேரம் பேச மாட்டாங்க, ரெண்டு தடவை போகணும், அப்ப பயணமும் ரெட்டிப்பு. ரொம்ப நேரம் அவ பேசவே இல்ல. “அக்கா, அப்ப இது நடக்காதாக்கா?”ன்னா. நடக்கும்மா, யாரை முதல்ல பாக்கணும்னு மட்டும் யோசின்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு நேத்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தா. 40-ஐ 16 ஆக்கியிருக்கா. டைப்பிங்குக்கு தனி வரி, ரெண்டாவது தடவை போறதுக்கு தனி வரி, பேட்டி கொடுக்கிறவங்களுக்கு அவங்க பேச்சோட காப்பியை பென் டிரைவ்ல கொடுக்கறதுக்கு தனி வரி, ‘இதர செலவுகள்’ வரியே காணோம். கீழ ஒரு வாய்ஸ் நோட்: “அக்கா, எல்லாரையும் எடுக்க முடியாதுன்னதும் லிஸ்ட்டை மறுபடி பாத்தேன்க்கா. இதுல 16 பேர் நைட் ஷிஃப்ட் பாத்தவங்க. ராத்திரில வர்ற கால் எல்லாமே சாவு சேதி இல்ல பிரசவம், அதை முதல்ல காதுல வாங்கினது நாங்கதான்னு ஒரு பாட்டி சொன்னாங்க. நைட் ஷிஃப்ட்டை மட்டும் எழுதலாமாக்கா? அப்படின்னா தலைப்பையே மாத்தணும்.”